கசப்பாங்குழி

மலைக்கு ரோடு ஏறாத காலத்தில், கூகைப்பாறை என்கிற ஊரில், கூளாயி வீட்டுக்குள் அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள். கூளாயி. அவள் மருமகள் வீரசின்னு. வீரசின்னு பெற்று நாலு நாளான பெண்குழந்தை. கூளாயியின் கொழுந்தன் சடையாண்டி, அவன் பெண்டாட்டி காத்தாயி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர். பக்கத்து வீட்டுக் கிழவர் பொம்மு. கீழேயிருந்து பொதிமாட்டில் உப்பு ஏற்றிவந்த மீராசா ராவுத்தர். ஆகப் பத்துப் பேர். பதினொன்று என்று சொல்கிறவர்கள் கூளாயியின் மகன் நல்லமாயனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது தப்பு. நல்லமாயன் அன்றைக்கு அங்கே இல்லை.

அவன் பூண்டு விற்கக் கீழே இறங்கினவன். இறங்கின மறுநாளே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை அடைத்தது. சடையாண்டி வீட்டுக் கூரை விழுந்தது. பொம்முக் கிழவர் வீட்டுச் சுவர் விழுந்தது. எல்லாரும் கூளாயி வீட்டுக்கு வந்தார்கள். ராவுத்தரும் இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கினார்.

கூளாயிக்குப் பூண்டு வைத்தியம் அத்துப்படி என்பார்கள். சளி இருமலுக்குப் பூண்டைத் தணலில் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பாளாம். காதுவலிக்கு நல்லெண்ணெயில் ஒரு பல்லைப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்து விடுவாளாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டுப்பால். வயிற்றுப் பூச்சிக்குப் பூண்டுச்சாறு. பச்சைப் பூண்டை அரைத்துக் குழந்தை நெஞ்சில் கட்ட மட்டும் விடமாட்டாளாம். "தோலு பொத்துப் போகும். மருந்துன்னா அதுக்குக் கோபம் வராதுன்னு நினைச்சியா?" என்பாளாம். இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. யாருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் முதல் கொட்டாங்கச்சி அவளுக்கு. மூச்சு விடாமல் குடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு நீட்டுவாளாம்.

அன்றைக்குக் காலையில் அடுப்புப் பக்கத்தில் ஒரு எலி செத்துக் கிடந்தது. மேலே பரணிலிருந்து விழுந்திருந்தது. வில்லாக வளைந்து, விறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. கூளாயி அதை முறத்தில் அள்ளி வெளியே போட்டாள். திரும்பி வருவதற்குள் இன்னொன்று விழுந்தது. அதுவும் வில்லாகத்தான் கிடந்தது.

ராவுத்தர் எழுந்து நின்றுவிட்டாராம்.

"ஆத்தா, கீழே இப்படித்தான் ஆரம்பிச்சது. முதல்ல எலி விழுந்துச்சு. பிறகு மனுசன் விழுந்தான். கொள்ளைநோய். ஒரு தெருவுல கதவு சாத்த ஆளில்லாமப் போச்சு."

காத்தாயி பிள்ளைகளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே மஞ்சு இறங்கி வாசலை மறைத்தது. பகலா பொழுது சாய்ந்ததா என்று தெரியவில்லை.

"எனக்கு வயசாச்சு," என்றாராம் பொம்முக் கிழவர். "எலிக்கு அடுத்தாப்புல வரிசையில நான்தான் நிக்கணும். யாரும் முந்தாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"மதினி," என்றான் சடையாண்டி, "பூண்டை இடிச்சுக் காய்ச்சிக் குடிச்சா நோய் அண்டாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அண்டாதுன்னு சொன்னதில்லை. உடம்புக்குத் தெம்புன்னு சொன்னேன். தின்னுற பூண்டு தீந்துபோச்சப்பா."

"பரண்ல தொங்குதே?"

"அது விதை."

கூகைப்பாறையில் விதைப்பூண்டில் கை வைக்கிறவர்கள் கிடையாது. பசியென்றாலும் கிடையாது, பிரசவமென்றாலும் கிடையாது. அடுப்புப் புகை படுகிற மாதிரிப் பரணில் கட்டித் தொங்கவிட்டால் நடவன்றுதான் இறக்குவார்கள்.

"விதைக்க ஆள் வேணும்ல மதினி?" என்றான் சடையாண்டி.

வீரசின்னு குழந்தையை முந்தானைக்குள் மூடிப் பிடித்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சின்னப் பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. கூளாயி அதையே பார்த்தாளாம். பார்த்துவிட்டு ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தாளாம்.

ஒரு கட்டுப் பூண்டை இறக்கினாள். கூரை ஒழுகி, கட்டின நாரிலிருந்து வழிந்த தண்ணீரில் பூண்டுத் தோலும் நனைந்திருந்தது. நோய்க்குக் காய்ச்சும்போது தோலோடு இடிக்கிறதுதான் முறை. தோலோடு இடித்து, மிளகும் மஞ்சளும் போட்டு, கொதிக்கவைத்து இறக்கினாள். வீரசின்னுக்கு, சடையாண்டிக்கு, காத்தாயிக்கு, மூன்று பிள்ளைகளுக்கு, பொம்முவுக்கு, ராவுத்தருக்கு என்று எட்டுக் கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்தாள். தன் பங்கை எடுத்து வழக்கம்போல மூச்சு விடாமல் குடித்தாள்.

மற்றவர்கள் தங்கள் கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்தார்கள். குடித்தவள் அப்படியே நின்றாள்.

"யாரும் வாயில வைக்காதீங்க. கீழ வைங்க."

"ஏன் மதினி?"

"கசக்குது."

சடையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "மருந்து கசக்காம கருப்பட்டியாட்டம் இனிக்குமாக்கும்?"

"பூண்டு எரிக்கும். நாக்கைச் சுடும். கண்ணுல தண்ணி வரவைக்கும். கசக்காதுடா. இது கசக்குது."

"அக்காவுக்கு விதை போகுதேன்னு மனசு கேக்கலை," என்றாள் காத்தாயி. "நாங்க கீழ வச்சிருவோம். அப்புறம் மருமகளுக்கு மட்டும் ஊத்தலாம்."

அது கூளாயிக்குத் தைத்தது. தைத்தாலும் காட்டிக்கொள்ளவில்லையாம். வீரசின்னு கையில் இருந்ததைத்தான் முதலில் பிடுங்கித் தரையில் வைத்தாள். பிறகு அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரை ஏற்றினாள்.

"இந்த உலை கொதிக்கட்டும். அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா எல்லாரும் குடிங்க. நானே ஊட்டிவிடுறேன்."

விறகு ஈரம். புகைந்தது, பிடிக்கவில்லை. எட்டுக் கொட்டாங்கச்சியும் தரையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. எல்லார் கண்ணும் கூளாயி மேல் இருந்தது. பரணிலிருந்து மூன்றாவது எலி விழுந்தது.

காத்தாயியின் கடைசிப் பிள்ளை மெல்ல நகர்ந்து வந்து ஒரு கொட்டாங்கச்சியில் கை வைத்தது. கூளாயி பாய்ந்து பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். தட்டின கை மடங்கவில்லை. நீட்டினபடியே நின்றது. கெண்டைக்கால் இழுத்தது. கழுத்து பின்னால் போயிற்று. பல் கிட்டிக்கொண்டது. கிட்டின பல்லுக்கு நடுவே சொன்னாளாம்:

"எலிக்கு வந்தது நோயில்லை. தின்னதுதான். கொட்டிருங்க."

வில்லாக வளைந்து விழுந்தாள். தொட்டால் இழுத்தது, தொடாவிட்டாலும் இழுத்தது. பிறகு இழுப்பு நின்றுவிட்டது. உலை அப்போதும் கொதிக்கவில்லையாம்.

பாதை திறந்தது. நல்லமாயன் மேலேறி வந்தான். குழந்தைக்குச் சட்டைத் துணி வாங்கி வந்திருந்தான். வாசலில் நின்று சிரித்த முகமாகக் கேட்டானாம்: "பரண்ல எலி விழுந்துச்சா?"

எல்லாரும் பரணை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எத்தனை விழுந்துச்சு? எலி பூண்டைத் தின்னாது, கட்டுன நாரைக் கடிச்சுக் கட்டைக் கீழ தள்ளுது. கிளம்புறப்போ எட்டிக்கொட்டையக் கருப்பட்டியோட அரைச்சு நாருல தடவிட்டுப் போனேன். ஆத்தாவ எங்க?"

"எங்ககிட்டச் சொல்லிட்டுப் போகக்கூடாதாடா?" என்றான் சடையாண்டி.

"எதுக்குச் சொல்லணும் சித்தப்பா? விதைப்பூண்டுல யார் கை வைப்பா?"

அந்த எட்டுக் கொட்டாங்கச்சியையும் கொல்லையில் குழிவெட்டிக் கொட்டிப் புதைத்தவன் சடையாண்டிதான். அந்தக் குழியைத்தான் கசப்பாங்குழி என்கிறார்கள். கூகைப்பாறையில் எல்லா மேட்டிலும் பூண்டு நடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் பூண்டு நட மாட்டார்கள். ஆடும் அங்கே மேயாது என்பார்கள்.

இன்றைக்கும் அந்த ஊரில் பூண்டு மருந்து காய்ச்சினால், காய்ச்சினவர் முதலில் குடிப்பதில்லை. யாருமே உடனே குடிப்பதில்லை. காய்ச்சினவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "எரிக்குது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் எல்லாரும் கொட்டாங்கச்சியைத் தரையில் வைத்துவிட்டு, அடுப்பில் ஒரு உலை கொதிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விதைப்பூண்டுக் கட்டில் எதையாவது தடவினால் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்.

பதினொரு பேரில் பத்துப் பேர் மிஞ்சினார்கள் என்று கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் பத்துப் பேர். மிஞ்சியவர்கள், அந்தப் பச்சைக்குழந்தையோடு சேர்த்து, ஒன்பது.