கண்டமங்கலத்திலிருந்து வந்த நகர்த்தல்

இரவு பதினொன்றே முக்கால். திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற சாலை. மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தவளைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. ஜோஸ்வின் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். சட்டைப்பைக்குள் செல்போன் இரண்டு தடவை அடித்திருந்தது. டுக்... டுக்.

எடுத்துப் பார்த்தான்.

'உங்கள் எதிராளி காய் நகர்த்திவிட்டார். இனி உங்கள் முறை.'

எதிராளியின் பெயர் ஆரோக்கியசெல்வி. அவள் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

நம் தேவாவைத் தெரியும் அல்லவா? அவனுடைய பெரியம்மா மகன்தான் இந்த ஜோஸ்வின். 2014-இல் நடந்தது. தேவா இதைச் சொன்ன ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. நீங்களும் அணைக்க வேண்டாம்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஜோஸ்வினுக்குத் திண்டிவனத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. வீட்டில் அவனும் அம்மா அருள்ராணியும் மட்டும். சதுரங்கம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். முகம் தெரியாத ஆட்களோடு இணையத்தில் ஆடுவான். ஆட்டம் முடிந்ததும் அதை முதலிலிருந்து கணினியில் பதிந்து, ஒவ்வொரு நகர்த்தலுக்குக் கீழேயும் குறிப்பு எழுதித் தன் இணையப் பக்கத்தில் போடுவான். தப்பான நகர்த்தலுக்கு இரட்டைக் கேள்விக்குறி. அதற்குக் கீழே நக்கல். நானூறு பேர் படித்தார்கள். ஆட்டத்துக்காக இல்லை, அந்த நக்கலுக்காக.

ஆரோக்கியசெல்விக்குக் கண்டமங்கலம். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி வேனில் போய் வருகிற நேரத்தில் போனிலேயே ஆடக் கற்றுக்கொண்டவள். ஜோஸ்வினோடு ஆடியபோது பத்தொன்பதாவது நகர்த்தலில் ராணியைச் சும்மா பறிகொடுத்தாள். யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அவன் அவள் பெயரையும் படத்தையும் போட்டு எழுதினான்: 'இந்தம்மா பேக்கிங் வேலை செய்கிறார். அதனால்தான் ராணியை நன்றாக மடித்துக் கட்டி நம் கையில் கொடுத்துவிட்டார். ??'

பேக்கிங் வேலை என்பது, ஆடும்போது அவளே வெகுளியாகச் சொன்னது.

இரண்டாம் நாள், இணையப் பக்கத்தில் அவன் போட்டிருந்த நம்பருக்கு அவள் தன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், ஆரோக்கியசெல்வி பேசறேங்க. அந்த ஆட்டத்த எடுத்துடுங்க சார். வேன்ல எல்லாரும் படிச்சிக்கினு சிரிக்கிறாங்க."

"ஆடறதுக்கு மின்னாடி யோசிச்சிருக்கணும்."

"என் போட்டோவயாவது எடுங்க சார். சூப்பர்வைசரு என்னப் பேரு சொல்லியே கூப்புடறதில்ல. ராணின்னு கூப்புடறாரு..."

அவன் சிரித்தான். அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்திருந்தான். அன்றைக்கு ராத்திரியே அதையும் பக்கத்தில் போட்டான்.

அதன்பிறகு அவள் வேனில் ஏறவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு, இருட்டில், மெயின் ரோட்டுக்குத் தனியாக நடந்துபோய் பஸ் பிடித்தாள். எட்டாம் நாள், பின்னால் வந்த லாரி அவள் மேல் ஏறியது.

ஜோஸ்வினின் பக்கத்தில் யாரோ சேதி எழுதியிருந்தார்கள். படித்தான். பிறகு சாப்பிடப் போனான். எதையும் எடுக்கவில்லை. அவர்களுக்குள் முன்பே தொடங்கிய இரண்டாவது ஆட்டம் ஒன்று, அவள் நகர்த்த வேண்டிய முறையில், பாதியில் நின்றது. ஒரு நகர்த்தலுக்குப் பதினான்கு நாள் கெடு. இன்னும் இரண்டு நாள் போனால் ஜெயிப்பு தானாக அவனுக்கு. அதற்காகக் காத்திருந்தான்.

அப்போதுதான் இந்த நகர்த்தல் வந்தது.

வீட்டு ஆள் யாரோ அவள் போனை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். காலையில் அவள் அம்மாவின் நம்பருக்கு அடித்தான். லூர்துமேரி எடுத்தாள்.

"செல்வி போனாப்பா? அது அவளோடவே சக்கரத்துல தூளாப் போச்சே. நீ யாரு... கூட வேல செஞ்ச புள்ளையா?"

"ஆமாம்மா."

"கடசி பத்து நாளா அவ சரியா சாப்புடலப்பா. கேட்டா ஒண்ணும் சொல்லல. என்னான்னு உனக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாதும்மா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை. பதில் காய் நகர்த்தினான். ராத்திரி அதைக் கணினியில் பதிய உட்கார்ந்தான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அறைக்குள் டீசல் வாடை வந்தது... கூடவே ரப்பர் கருகின வாடை. டுக்... டுக். அவள் நகர்த்திவிட்டாள். அவன் குறிப்பு எழுதுகிற கணினிக் கோப்பைத் திறந்தான். அவனுடைய இருபத்து மூன்றாவது நகர்த்தலுக்குக் கீழே அவன் எழுதாத ஒரு வரி இருந்தது.

'கை நடுங்குகிறது. ??'

கையைப் பார்த்தான். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அழித்தான். மறுநாள் ராத்திரி அடுத்த வரி.

'பெற்றவளிடம் பொய் சொல்லத் தெரிகிறது. குதிரையைக் காப்பாற்றத் தெரியவில்லை. ??'

அவனே எழுதினது போன்ற நடை. அதே நக்கல். அன்றைக்குத்தான் அவளைப் பற்றிப் போட்ட எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து நீக்கினான். 'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானையும் அழுத்தினான். தோற்றேன் என்று சொன்னால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

திரையில் பதில் வந்தது.

'எதிராளி ஏற்கவில்லை.'

போன் பேட்டரியைக் கழற்றினான். டுக்... டுக். கணினியின் வயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. அவன் தொடாமலேயே அவன் பக்கத்துக் காய்களும் நகர்ந்தன. ஒவ்வொன்றுக்குக் கீழும் ஒரு வரி. ஏழாம் ராத்திரி, முப்பத்தொன்றாவது நகர்த்தலுக்குக் கீழே இருந்தது:

'இனி நடக்க மாட்டார். ??'

இரண்டு நாள் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ரோட்டில்தானே லாரி வரும் என்று நினைத்திருக்கிறான். வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னான். மூன்றாம் நாள் விடிகாலை, ஐந்து மணி இருக்கும்... அறையிலிருந்து ஒரு சத்தம். காய்ந்த விறகை முறிக்கிற மாதிரி, இரண்டு தடவை. அருள்ராணி ஓடிப் போய்ப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவனுக்குத் தெரியவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, எழுந்து நடக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தேவா பார்க்கப் போனான். ஜோஸ்வின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. நகர்த்தல்களை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவே, யாரோ எழுதி முடிக்கக் காத்திருப்பது போல நிறுத்தினான்.

தேவா சமையற்கட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டான். "ராத்திரியில நீ தனியா எப்படிப் பாத்துக்கற பெரிம்மா?"

"தனியா எங்கடா. ஒரு பொண்ணு வந்துகினு இருக்குது. அவங்கூட ஆடற பொண்ணாம். தலமாட்டுல ஒக்காந்துக்கினு அவன் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதுது. தங்கமான பொண்ணு, அதிர்ந்து பேசாது. நேத்து தாகமா இருக்குதும்மான்னு சொல்லிச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன்."

"குடிச்சாளா?"

"குடிச்சிருக்கும்போல. காலையில பாத்தா டம்ளர் நெறைய மண்ணு."