பசை தடவாத திருகாணி

காபி ஆறுவதற்குள் குடி, ஹன்னே. ஆறிய காபியைத் திரும்பச் சூடு பண்ணினால் உன் அக்காவும் தொடமாட்டாள்.

அந்தத் திருகாணி மேசையிலேயே இருக்கட்டும், கையில் வைத்து உருட்டாதே. கேரவனைப் பிரித்துப் பார்த்த உன் ரிப்பேர்க்காரர் சொன்னது சரிதான். கூரையோரம் இருந்த மற்ற எல்லாத் திருகாணிகளின் மரையிலும் பசை இருக்கிறது, இதில் இல்லை. நான் மறந்துவிட்டேனா என்று கேட்கிறாய். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. அது உனக்கும் தெரியும் என்பதால்தான் ஃபோனில் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்.

காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற, உங்கள் அப்பா காலத்துக் கேரவன் என்பது அடிப்படையில் ஒரு மரப்பெட்டி. மெல்லிய அலுமினியத் தகட்டைச் சட்டையாகப் போட்ட மரப்பெட்டி. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு பட்டை ஓடும். அதில் சாண் சாணுக்கு ஒரு திருகாணி. ஒவ்வொன்றையும் பசையில் தோய்த்துத்தான் முடுக்க வேண்டும். தோய்க்காவிட்டால் மழைத்தண்ணீர் மரை வழியே சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும். தண்ணீருக்கு அவசரம் கிடையாது. உள்ளே நுழைந்த இடத்தில் சொட்டாது. சட்டத்துக்குள்ளேயே நடந்து, மாதக்கணக்கில் கழித்து, வேறெங்கோ ஒரு பழுப்புக் கறையாக வந்து நிற்கும். கறையைப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. போட்டவனால் மட்டும்தான் முடியும்.

நீ கேட்பது இந்த ஒன்றைப் பற்றி. ஆனால் இது முதலாவது அல்ல. வரிசையாகச் சொல்கிறேன்.

உன் அக்கா டோர்டே என்னை விட்டுப் போன நாளில், பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டே, "உன்னோட இருந்தா எல்லாமே நாளைக்குத்தான் ஆரம்பிக்கும், எஸ்கில்" என்று சொன்னாள். அதில் கோபம் இல்லை. ஹோப்ரோவில் அவள் எடுத்த வீட்டில் கேரவனை நிறுத்த இடமில்லாததால் அது என் கொட்டகையிலேயே நின்றது. இரண்டு வருடம் அவள் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பேக்கரியில் வாங்கிய கசகசா ரொட்டிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

"அப்பா வண்டிய ஓட வைக்கப்போறேன். நீ உதவுறியா, இல்ல கையக் கட்டிட்டு வேடிக்கை பாக்கப்போறியா?"

"ரெண்டும் பண்றேன்" என்றேன்.

உங்கள் அப்பா உங்கள் இருவரையும் நார்வேக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு கோடையிலும் எபல்டோஃப்ட் கடற்கரைக்கே கூட்டிப்போன கதையை அவள் அன்றைக்குத் திரும்பவும் சொன்னாள். நீங்கள் இருவரும் ஒரே படுக்கையில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொண்டு, ஜன்னலில் தெரிகிற மணல்மேட்டை மலை என்று வைத்துக்கொள்வீர்களாமே. ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் நார்வே. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு உங்கள் குடும்பத்தில் யாரும் போனதில்லை.

அந்த வருடம் எங்கள் இருவருக்கும் நல்ல வருடம். உளுத்த சட்டங்களை உருவினோம். புதிய சட்டங்களை நான் இழைத்தேன், அவள் பசை தடவினாள். ஆரஞ்சுத் திரைகளுக்கு அவள் தையல் போட, பக்கத்தில் நான் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். கல்யாணமாகியிருந்த வருடங்களில் பேசியதைவிட அதிகம் பேசினோம். "கட்டுன பொண்டாட்டிக்குக் காட்டாத அக்கறைய ஒரு கூரைக்குக் காட்டுறே" என்பாள். நான் சிரிப்பேன். சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே கொட்டகையைப் பெருக்கி வைப்பேன்.

செப்டம்பரில் வேலை முடிந்தது. பக்கவாட்டில் நீலக் கோட்டை இழுத்து முடித்த டோர்டே, தூரிகையோடு பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"அடுத்த ஜூன்ல நானும் ஹன்னேயும் கிளம்பிடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? உன் கொட்டகைய உன்கிட்டயே தந்துடறேன். நிம்மதியா இரு."

அவள் போன பிறகு ஏணியை எடுத்துப் போட்டு ஏறினேன். ஒரு திருகாணியைக் கழற்றினேன். மரையைத் துடைத்து, ஸ்பிரிட் விட்டுக் கழுவி, சட்டையில் ஒற்றி, அதே துளையில் திரும்ப முடுக்கினேன். கோபத்தில் செய்யவில்லை. காப்பாற்றும் வேலை போலத்தான் இருந்தது அது. குளிர்காலம் முழுக்க வண்டி வெளியே மழையில் நின்றது. காற்றாட நிற்பது மரத்துக்கு நல்லது என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஏப்ரலில் அவள் ஈரம் பார்க்கும் கருவியோடு அலமாரிப் பக்கம் மண்டியிட்டிருந்தாள். "எஸ்கில், ஊசி சிவப்புக்குப் போகுது." குரல் சின்னதாக இருந்தது.

நம் ஊர்க் குளிரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் பிரித்தால் மரம் காய ஆகஸ்ட் ஆகும். திரும்ப மூடுவதற்குள் செப்டம்பர். அதன் பிறகு பசை இறுகாது. ஆகவே ஒரு திருகாணிக்கு ஒரு கோடை. அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே பட்டது. அவளுக்கு நார்வே எங்கேயும் ஓடிப்போகாது. எனக்கு ஒரு வருடத்துச் சனிக்கிழமைகள்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, அவள் டார்ச்சோடு உள்ளே உட்காருவாள், நான் ஏணியில் நின்று ஹோஸ் பைப்பால் கூரையில் தண்ணீர் அடிப்பேன். அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லா இடத்திலும் அடிப்பேன்.

"வருதா?"

"வரல. இன்னும் இடது பக்கம் போ."

"இப்போ?"

"இங்கயும் வரல. நீ போட்ட பட்டைல எப்படிடா வரும்? நான் போட்ட பக்கம் அடி."

அப்படித்தான் அவள் நினைக்கத் தொடங்கினாள். தான் தடவிய பசைதான் சரியில்லை என்று. அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு முறை தோய்த்தாள். நகக்கண்ணில் பசை ஏறி, அவள் வேலை பார்த்த நூலகத்தில் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் அவள் கையைப் பார்ப்பார்களாம். "உன் தப்பு இல்லை" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆகஸ்டில் நானே அந்த இடத்தைக் 'கண்டுபிடித்து' அடைப்பேன். அவள் என் தோளில் தட்டுவாள். இலையுதிர்காலத்தில் வேறொரு திருகாணி. இப்படி நான்கு கோடை போனது.

ஐந்தாவது இலையுதிர்காலத்தில் நான் எதையும் தொடவில்லை. இதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி, வருவதே குறைந்திருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஏப்ரலில் ஊசி பச்சையிலேயே நின்றது. அவள் வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் குத்திப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, கணையத்தில் கட்டி என்று சொன்னாள்.

"அடுத்த கோடைன்னு எதுவும் கிடையாதாம். பரவால்ல. எனக்கு இது ஒன்னு போதும்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். விவாகரத்துக்குப் பிறகு முதல் முறை. ஜூன் முதல் வாரத்துக்குக் கப்பலில் இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னாள். உனக்கும் அவளுக்கும்.

"மூணாவதா ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"ரெண்டு படுக்கைதானே, எஸ்கில்? செஞ்சவனே நீதானே?" என் கன்னத்தில் லேசாகத் தட்டினாள். "போஸ்ட் கார்டு போடறேன், போ."

மே மாதத்தில் நீ அவளை ஸ்கேன் எடுக்க ஆல்போர்க் கூட்டிப்போய், இரவு உன் வீட்டிலேயே தங்க வைத்தாய் அல்லவா? அந்த இரண்டு நாளே எனக்குப் போதுமானதாக இருந்தது. மழைக்குக் காத்திருக்க நேரமில்லை. படுக்கைக்கு நேர்மேலே இருந்த திருகாணியைக் கழற்றினேன். இதோ, உன் முன்னால் இருப்பது அதுதான். ஹோஸ் பைப்பின் வாயை அந்தத் துளையில் பொருத்திக் குழாயை மெல்லத் திறந்துவிட்டேன். முதல் நாள் பொழுது சாயும்வரை. மறுநாளும் அப்படியே. அதன் பிறகு திருகாணியைத் துடைத்துத் திரும்பப் போட்டேன். உன் ரிப்பேர்க்காரர், வெறும் மழையால் தரை இப்படி ஊறாது என்று சொல்லியிருப்பார். அதுவும் சரிதான்.

சனிக்கிழமை டோர்டே புதுப் போர்வைகளோடு வந்தாள். உள்ளே ஒரு காலை வைத்தாள். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி தரை அமுங்கியது. அவள் மற்றக் காலை எடுத்து வைக்கவில்லை. போர்வைகளை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில், அப்படியே நின்றாள். பிறகு, "சரி" என்றாள். "அந்தப் பக்கம் ஸ்க்ரூ போட்டது நான்தானே?" என்று கேட்டாள்.

"ஞாபகமில்லை" என்றேன்.

அன்று மாலையே நீ ஃபோன் செய்து வாடகைக்கு ஒரு கேரவன் எடுக்கலாம் என்றாய். "அப்பா வண்டி இல்லாம எதுக்குடி நார்வே? போட்டோ புடிக்கிறதுக்கா?" என்று அவள் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவளோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்தவன் நான். அவள் எங்கே பிடிவாதம் பிடிப்பாள் என்று தெரியும். பிறகு நீ என்னிடம் தனியாகக் கேட்டாய்: "எஸ்கில், தரை மேல ஒரு பலகையப் போட்டு அப்படியே இழுத்துட்டுப் போக முடியாதா? மெதுவா போறோம்." காரோடு மாட்டுகிற இணைப்புத் தண்டு பிய்ந்து வந்துவிடும், நடுச்சாலையில் வண்டி தனியாகக் கழன்று ஓடும் என்று உன்னிடம் சொன்னேன். நீ மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்குத்தான் தெரியும் என்று நம்பினாய்.

பலகை போட்டிருந்தால் போதும், ஹன்னே. அடியில் இருப்பது இரும்புச் சட்டம், அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நார்வேக்குப் போய்த் திரும்பியும் வந்திருக்கும். உன்னிடம் உண்மையை மட்டும் சொல்வது என்று முடிவு செய்திருப்பதால் இதையும் சொல்கிறேன்.

ஜூனில், நீங்கள் ஏறவேண்டிய கப்பல் போன பிறகு, கேரவனிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று டோர்டே சொன்னாள். ஆஸ்பத்திரி வேண்டாமாம். நான் பலகை போட்டேன். தாங்கியது. புதுப் போர்வைகளை விரித்தேன். ஒரு படுக்கையில் அவள், எதிர்ப் படுக்கையில் நான். தினமும் காலையில் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். புது உருளைக்கிழங்கை வேகவைத்து வெண்ணெய் போட்டுக் கொடுப்பேன், இரண்டு வாய் சாப்பிடுவாள். ரோட்டோரம் விற்ற ஸ்ட்ராபெர்ரியை வாங்கிவந்து பாலில் நசுக்கிக் கொடுப்பேன். ஜன்னலுக்கு வெளியே மலையை வைத்துக்கொள்ளலாமா என்று ஒருநாள் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்தின் மயக்கம்.

ஒருநாள் மதியம் கொட்டகைக் கதவுகள் இரண்டையும் விரியத் திறக்கச் சொன்னாள். திறந்தால் நெடுஞ்சாலை தெரியும். விடுமுறை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி, எல்லாம் வடக்கே கப்பல் துறையைப் பார்த்து. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எஸ்கில், நீ கொஞ்சம் வெளிய போய் நில்லு" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"நில்லேன்."

போய் முற்றத்தில் நின்றேன். ஆரஞ்சுத் திரைகள் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கின்றன என்று நான் பார்க்க வேண்டும் என நினைத்திருக்கிறாள். அழகாகத்தான் இருந்தன. கையை ஆட்டினேன். அவள் திரையை இழுத்து மூடினாள். வெயில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன் முன்னால் அவள் உன்னைத் தேற்றினாள். நீ போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அங்கே புதிதாக வந்திருந்த கறையில் விரலை வைத்து மேலும் கீழும் தடவிக்கொண்டிருப்பாள். "என் தப்புதான்" என்று ஒருமுறை சொன்னாள். அப்போது நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்து போயிருந்தேன். கதவருகே நின்றதால் காதில் விழுந்தது.

ஜூன் கடைசியில் ஊர்கூடி மூட்டுகிற கோடைத்தீக்கு மறுநாள் காலை அவள் போனாள். ஊரெல்லாம் புகை வாசனை இருந்தது.

நீ யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். திருகாணியையும் எடுத்துப்போ. அவளுடைய சாம்பலை நார்வேக்கு எடுத்துப்போகத்தான் அந்த வண்டியை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாய், தரையை நானே மாற்றிக் கொடுப்பேன், நீ சம்மதிக்கமாட்டாய். ஆனால் எனக்காக ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கடைசி மூன்று வாரமும் டோர்டே என்னோடுதான் இருந்தாள், ஹன்னே. வேறெங்கும் போக முடியாததால் அல்ல.