ஞானஸ்நானம் முதலில் யாருக்கு?

அவைத்தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, வெள்ளைத் தாடியும் விடாத வாதமும் கொண்ட மூப்பர்களே, பிடியரிசி எடுத்துவைத்து இந்தச் சபையின் கூரையைத் தாங்கும் தாய்மார்களே, பாயில் இடமின்றி வாசலில் நிற்கும் அன்பர்களே, அனைவருக்கும் மூப்பன் ரசலையனின் தோத்திரம்.

ஒரு கணவன், ஒரு மனைவி. இது நம் சபையின் சட்டம். சட்டம் சரி. அந்தச் சரியான சட்டத்தைத் தவறாகக் கொண்டுபோனவன் நான். அதைச் சொல்லவே மேடை ஏறினேன்.

நம்மூர் சிவதாணு குடும்பத்தோடு ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் இருவர். மூத்தவர் தாணம்மாள்; பிள்ளை இல்லை. அவரே பெண் பார்த்துக் கட்டிவைத்த இளையவர் பூங்கனி, கையில் பிள்ளை. இளையவளை அனுப்பிவிட்டு வரட்டும் என்றது நம் கமிட்டி. அறிவிக்கப் போனவன் அடியேன். குடையோடு போனேன், குரலுயர்த்தி வாசித்தேன்.

தாணம்மாள் சொன்னார்: "பிள்ளைக்க அம்மையை இறக்கி விடவா? வேண்டாம் மூப்பரே. நான் போறேன்."

பூங்கனி சொன்னார்: "அக்கா இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை? நானும் வாறேன்."

இருவரும் போனார்கள். இரண்டு மனைவியர் கூடாது என்று சொல்லப் போன நான், ஒரு மனைவியும் இல்லாமல் ஆக்கிவிட்டுத் திரும்பினேன். கமிட்டி என்ன கேட்டது? பெண்கள் எங்கே என்று கேட்டதா? பிள்ளை எங்கே என்று கேட்டதா? வீட்டில் இப்போது எத்தனை மனைவியர் என்று கேட்டது. ஒருவரும் இல்லை என்றேன். தடை நீங்கியது, வருகிற ஞாயிறன்று ஞானஸ்நானம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசை அண்ணாச்சி, என்ன கேட்கிறீர்? வேதத்தில் வரும் முற்பிதாக்களுக்கு எத்தனை மனைவியரா? எனக்கும் தெரியும். இரும்.

ஒன்பது நாளாக அந்த இருவரும் பூங்கனியின் அண்ணன் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறார்கள். பிள்ளைக்குச் சளி. இதோ, பெண்கள் பக்கம் மூன்றாம் பாயில் இருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா.

சட்டத்தை மறுபடி வாசித்தேன். தாணம்மாளுக்குக் கணவர் எத்தனை? ஒருவர். பூங்கனிக்கு? ஒருவர். அவர்கள் மீறிய சட்டம் எது? அவர்களைத் தடுக்கும் வரி எது? ஞாயிறன்று அவர்கள் இருவர் தலையிலும் தண்ணீர் விழட்டும். சட்டப்படி சிவதாணு காத்திருக்கட்டும். அவரிடமே கேட்டேன்.

"அவளுவ முதல்ல போவட்டும். நான் எத்தனை வருசமானாலும் வாசல்ல நிக்கேன். வீட்டுக்கு மட்டும் வரச் சொல்லும்" என்றார்.

சம்மதம் என்போர் கை உயர்த்துங்கள். செயலாளர் என்ன சொல்கிறார்? பெண்களுக்கு வாக்கு இல்லை, அந்தப் பக்கம் எண்ண முடியாதாம். எண்ண வேண்டாம் ஐயா. திரும்பிப் பார்த்தால் போதும்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி, தோத்திரம். தாய்மார்களே, கையை இறக்காதீர்கள்.