காலியாகாத டப்பா

அக்கா: மெஷினை நிறுத்துடி, காது அடைக்குது. அடுத்த சீட்டை எடு.

தங்கை: நர்ஸம்மா, இந்தத் திண்ணைதான் என் தையல் கடை. மெஷின் ஓடினாத்தான் சோறு... சரி, நிறுத்திட்டேன். ஃப்ரூகல்.

அக்கா: சிக்கனம்.

தங்கை: வாக்கியத்துல சொல்லு. இங்கிலீஷ் பரீட்சையில சும்மா விட மாட்டாங்க.

அக்கா: என் தங்கச்சி ரொம்ப ஃப்ரூகல். உடைஞ்ச பட்டனைக்கூட தூக்கிப் போட மாட்டா.

தங்கை: நீ மட்டும் என்னவாம்? ஒரே சோப்பை மூணு மாசம் தேய்க்கிறவதானே!

அக்கா: வாயாடி. தெரிஞ்ச வார்த்தை, பச்சை டப்பாவுல போட்டாச்சு. தெரியாதது இருக்கிற சிவப்பு டப்பாவுலேருந்து அடுத்தது...

தங்கை: ரிலக்டன்ட்.

அக்கா: மனசில்லாம... தயங்கித் தயங்கி. ஏன்டி, இதை நேத்துதானே சொன்னேன்?

தங்கை: நேத்தா? நேத்து நீ உக்காந்தபடியே தூங்கி வழிஞ்ச.

அக்கா: போன வாரமும் சொன்னேன்.

தங்கை: அப்போ மனசுல நிக்கலைன்னு அர்த்தம். இன்னும் நல்லாப் படி.

அக்கா: மொத்தமே இருநூறு சீட்டு. ஆறு மாசமா தினமும் பத்து. எடுக்க எடுக்க ஊறுதே, இது டப்பாவா கிணறா?

தங்கை: இங்கிலீஷ்னா சும்மாவா அக்கா? கடல்!

அக்கா: அந்தச் சீட்டைத் திருப்பு. பின்னாடி மூலையில என்ன இருக்கு?

தங்கை: ...ஏதோ பேனாப் புள்ளி.

அக்கா: எண்ணு.

தங்கை: எட்டு... ஒன்பது.

அக்கா: ஒவ்வொரு தடவை சரியாச் சொன்னதுக்கும் நான் வச்ச புள்ளி. பச்சை டப்பாவுக்குப் போன சீட்டு, சிவப்புக்கு எப்படி நடந்து வந்துச்சு?

தங்கை: எலி இழுத்துட்டு வந்திருக்கும்.

அக்கா: மூடியைத் திறந்து, எடுத்து, மறுபடி மூடி வச்சிட்டுப் போற எலியா?

தங்கை: படிச்ச எலி...

அக்கா: ஏய், கண்ணுல என்ன? அழுறியா?

தங்கை: ஊசி குத்திடுச்சு.

அக்கா: மெஷின் நின்னு எவ்வளவு நேரமாச்சு. எந்த ஊசி?

தங்கை: சரி, நான்தான்! தினமும் நீ குளிக்கப் போறப்ப எடுத்து மாத்தினேன். சிவப்பு டப்பா காலியானாத்தான் பரீட்சை எழுதுவேன்னு நீதானே சொன்ன? எழுதினா பாஸ் ஆயிடுவ. பாஸ் ஆனா வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துடுவ. அம்மா போனப்புறம் இந்த வீட்டுல இருக்கிறதே நாம ரெண்டு பேர். அப்புறம் நான் யார்கூட சண்டை போடுறது?

அக்கா: லூசு...

தங்கை: எப்பலேருந்து தெரியும்?

அக்கா: நாலு மாசமா.

தங்கை: அடிப்பாவி! தெரிஞ்சுமா தினமும் வந்து உக்காந்து அதையே ஒப்பிச்ச? ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்ல?

அக்கா: திட்டினா நிறுத்தியிருப்ப. எனக்கும் அந்த டப்பா காலியாக வேணாம்னு இருந்துச்சு.

தங்கை: அப்போ... நீ போகலையா அக்கா?

அக்கா: பரீட்சையை மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிட்டேன்டி. பாஸ். வேலையும் கிடைச்சிடுச்சு, வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பணும். அதை உன்கிட்ட சொல்ல வாய் வராமத்தான், தினமும் சீட்டு எடு, சீட்டு எடுன்னு வந்து உக்காந்தேன்... அழாதேடி. இன்னும் நாலு நாள் இருக்கு. அடுத்த சீட்டை எடு.