வேலாயி சிலுவையின் மூன்றாம் வரி

இந்தத் தாள்களில் இருப்பது என் சொந்தக் கையெழுத்து. முதலில் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில எழுத்துகள் பெரியவை, சில சிறியவை. வரிகள் தாப்பா மலைச்சாலையைப் போல வளைந்து வளைந்து போகின்றன. படிக்கும்போது நான் நடுவில் நின்றால், அழுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எழுத்தைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என் மருமகள் ரூபினி, "நான் எழுதித் தரேன் மாமா, நீங்க சும்மா படிங்க" என்றாள். வேண்டாம் என்றேன். இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டவன், இந்த மனிதருக்காக எழுதாமல் வேறு யாருக்காக எழுதப் போகிறேன்?

மேடையில் வீற்றிருக்கும் ஆர்.சி. கோயில் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் ஆங்கிலிக்கன் சபைப் போதகர் அவர்களே, மாரியம்மன் கோயில் தலைவர் மகேஸ்வரன் அவர்களே, தோட்டத்திலிருந்தும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்தும் இந்த ரிங்லெட் மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம். என் பெயர் சின்னக்கருப்பன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவன். தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் எங்கள் ஆங்கிலிக்கன் வேதக்கோயிலில் மணியடிப்பவன்.

இந்த இரங்கல் கூட்டத்தில் நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? பேராயர் ஞானசிகாமணிக்காகவா? ஃபாதர் ஞானசிகாமணிக்காகவா? வாசலில் கட்டியிருக்கும் துணியில் 'அருட்தந்தை' என்று இருக்கிறது. நானே படித்தேன். எங்கள் சபையார் கொண்டுவந்த மலர்வளையத்தில் 'முன்னாள் பேராயர்' என்று இருக்கிறது. அதையும் நானே படித்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கத்தாரும் இரண்டு பெயர் போட்டால், நான் இரண்டு பக்கத்தாரையும் சந்தேகப்படுவேன். அது என் குணம். இறந்தவரையும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். புகழ வந்த இடத்தில் சந்தேகத்தைப் பேசலாமா என்று கேட்பீர்கள். அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் இந்தத் தாள்கள் இல்லை. ஆகையால் பேசத்தான் வேண்டும்.

அவர் எங்கள் சபையின் பேராயராக இருந்த காலத்தில், திடப்படுத்தல் ஆராதனைக்காக, அதாவது ஞானஸ்நானம் எடுத்தவர்களின் தலையில் பேராயர் கைவைத்து விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்காக, மேல் டிவிஷனுக்கு வந்தார். மூடுபனியில் அவருடைய கார் ஏறவில்லை. ரிங்லெட்டிலிருந்து ஒரு காய்கறி லோரியில், முட்டைக்கோசுக் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினார். அன்று அவர் கைவைத்துத் திடப்படுத்தியவர்களில் என் மனைவி வேலாயியும் ஒருத்தி. அவளும் நானும் வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குளிருக்காகத் தலை நிறைய எண்ணெய் வைப்பது உங்களுக்குத் தெரியும். வேலாயி அன்றும் வைத்திருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரு போத்தல் எண்ணெயையும் தலையிலேயே வச்சிட்டீங்களா?"

"தாராளமாத்தான் வச்சேன் ஐயா. இந்தக் குளிருக்கு உங்க கைக்கும் கொஞ்சம் வேணும்ல."

அவர் சிரித்த சிரிப்பு லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது.

பிறகு லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளம் வந்தது. அப்போதும் வந்தார். நம் மகேஸ்வரன் வீட்டுக்குள் இடுப்பளவு சேறு. யாரோ ஓர் ஆள் ஐஸ்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நீங்க யாரு?" என்று மகேஸ்வரன் கேட்டாராம். "தூக்குற ஆளு. அந்தப் பக்கம் பிடிங்க" என்றாராம். அவர் பேராயர் என்பது மகேஸ்வரனுக்கு மறுநாள்தான் தெரியும். உண்மைதானே மகேஸ்வரன்? தலையாட்டுகிறார்.

அடுத்த வருடம் வேலாயி இறந்தாள். எங்கள் மேல் டிவிஷன் கல்லறையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளையடித்த சிமெண்டுச் சிலுவையில், பெயருக்குக் கீழே கறுப்புச் சாயத்தில் நான்கு வரி எழுதுவோம். பிறந்தது, ஞானஸ்நானம் எடுத்தது, திடப்படுத்தல் பெற்றது, இறந்தது. ரிங்லெட்டில் பலகை எழுதும் தினேஸ்வரன் வந்து எழுதிக் கொடுத்தான். எழுதி முடித்ததும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான். மூன்றாம் வரியில் திடப்படுத்தல், வருடம், பேராயர் ஞானசிகாமணி. அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. நம் பேராயர் பதவியை விட்டுவிட்டார். ஆர்.சி. சபையில் சேர்ந்துவிட்டார். முதலில் சாதாரண விசுவாசியாகப் பின்வரிசையில் முழங்கால் போட்டார். பிறகு அங்கே அவரைப் புதிதாகக் குருவாக அபிஷேகம் செய்தார்கள்.

நாம் தோட்டத்துக்காரர்கள். பெரிய துரை ஒருவர் பங்களாவை விட்டு இறங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி வேலைக்குச் சேர்ந்தால் நாம் என்ன நினைப்போம்? தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய எங்கள் பழைய கிராணி நாகரத்தினம் ஐயா இதோ முன்வரிசையில் இருக்கிறார். கோபித்துக்கொள்ள வேண்டாம் ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். "டேய் கருப்பா, எந்தத் துரையாவது தானா இறங்குவானாடா? எதையோ சுருட்டியிருக்கான், மாட்டியிருக்கான்" என்றீர்கள். நானும் நம்பினேன். அவர் எதையும் எடுத்ததாக ஒருவரும் இன்றுவரை சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அது இல்லை. கிராணி ஐயா இன்னொன்றும் சொன்னார். "அங்க போய்ப் புதுசா அபிஷேகம் வாங்கிக்கிட்டான்னா என்ன அர்த்தம்? இங்க வாங்குனது செல்லாதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். அப்ப அவன் வச்ச கை? அதுவும் செல்லாது."

ஒருவர் பின் ஒருவராக, குடும்பத்தார் அவர் பெயர் இருந்த சிலுவைகளில் மூன்றாம் வரியின் மேல் வெள்ளைச் சாயம் அடித்தார்கள். நான் மட்டும் அடிக்கவில்லை. நம்பிக்கையால் இல்லை. மூன்றாம் வரியைப் பெயரைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்று எனக்குத் தெரியாது. தவறி அவள் ஞானஸ்நானத்தை அழித்துவிட்டால்?

இந்த நிலையில்தான் அவர் இந்த மலை ஆர்.சி. கோயிலுக்கே உதவிக் குருவாக வந்து சேர்ந்தார். இத்தனை ஊர் இருக்க இங்கே எதற்கு வந்தார்? எங்கள் கோயிலை அந்தப் பக்கம் இழுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ரிங்லெட் சந்தையில் அவர் கீரை வாங்கினால்கூட யாரோடு பேசுகிறார் என்று பார்ப்பேன். ஒருநாள் நேராகவே போய், கல்லறைக்கு வரச் சொன்னேன். கையில் வெள்ளைச் சாய டின்னும் பிரஷும் எடுத்துப் போனேன்.

வேலாயி சிலுவைக்கு முன்னால் நின்று கேட்டேன். "ஃபாதர், எனக்கு எழுத்து தெரியாது. எல்லாரும் அழிச்சிட்டாங்க. உங்க வரி எதுன்னு நீங்களே காட்டிடுங்க. தப்பா அழிச்சிடக் கூடாது."

"யாருண்ணே அழிக்கச் சொன்னது?"

"கிராணி ஐயா. நீங்க வச்ச கை செல்லாதாம். நீங்க போன சபையே அப்படித்தான் சொல்லுதாம். நெசமா?"

அவர் குனிந்து சிலுவையின் எழுத்துகளைப் பார்த்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் பேராயர் இல்லைங்கிறது நெசம்ண்ணே. அதை ஒத்துக்கிட்டுத்தான் அங்க போய் முழங்கால் போட்டேன்."

"ஏன் போனீங்க? நல்லாத்தானே இருந்தீங்க?"

"நல்லாத்தான் இருந்தேன். ஆனா அதுதான் உண்மையான சபைன்னு மனசுல பட்டுடுச்சு. பட்ட பிறகு அந்த நாற்காலியில உட்கார முடியல."

"அப்ப இந்த வரியை அழிச்சிடலாம்ல?"

"இருங்க லா. டவுனுக்குப் போயிட்டு வந்துடறேன்."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நழுவிவிட்டார் என்றே நினைத்தேன். தூறலில் நனைந்துகொண்டு, மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தார். கையில் சின்ன டின் கறுப்புச் சாயம். மண்ணில் முழங்கால் போட்டு, மங்கிப்போன எழுத்துகளின் மேல் மெதுவாகப் பிரஷை ஓட்டினார். அழிக்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. ஆனால் என்ன எழுதுகிறார்? பழையதையேவா, புதிதாக வேறு ஏதாவதா? படிக்கத் தெரியாதவனுக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் எழுதலாமே.

"என்ன எழுதினீங்க?"

"இருந்ததுல எதையும் மாத்தல."

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?"

அவர் டின்னின் மூடியை அழுத்தி மூடினார். "மழை வருது, வண்டியில ஏறுங்க" என்றார்.

இது என்ன பதில்? நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரூபினியை அனுப்பிப் படித்துவரச் சொன்னேன். "சரியாத்தான் இருக்கு மாமா. திடப்படுத்தல்னு இருக்கு, வருஷம் இருக்கு..." என்று சொல்லி ஓர் இடத்தில் நின்றாள். "பேரும் இருக்கு" என்று முடித்தாள். ஏன் நின்றாள்? கிராணி ஐயாவைக் கேட்டேன். "அவன் எதையோ மறைக்கிறான்" என்றார். அவரையும் நம்பவில்லை, மருமகளையும் நம்பவில்லை, ஃபாதரையும் நம்பவில்லை. யாரையும் நம்பாதவன் என்ன செய்வான்? எழுத்துப் படிக்கத்தான் வேண்டும். சமூக மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? முதல் மாதம் 'அ'வின் வளைவு கைக்கு வரவில்லை. பிறகு வந்தது. பேருந்தில் எழுத்து, கடைப்பலகையில் எழுத்து, அரிசி மூட்டையில் எழுத்து. இத்தனை நாளும் இவை எல்லாம் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. ஃபாதர் ஒருநாள் என்னைச் சந்தையில் பிடித்தார்.

"எது வரைக்கும் வந்திருக்கீங்கண்ணே?"

"உயிர்மெய்க்கு வந்தாச்சு. ஒருநாள் நானே போய்ப் படிப்பேன், பாத்துக்குங்க."

"படிங்க, படிங்க. ஆனா மெதுவா வாங்க" என்று சிரித்தார்.

ஏன் மெதுவாக வரச் சொல்கிறார்? அதையும் சந்தேகப்பட்டேன். எழுத்து முழுதாகக் கைக்கு வரட்டும், ஒரு சொல்கூடத் தடுக்கக் கூடாது என்று காத்திருந்தேன். நான் காத்திருக்கும்போதே அவர் நோயில் படுத்தார். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்தார். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது.

அடக்கத்துக்கு மறுநாள் காலை நான் மேல் டிவிஷன் கல்லறைக்குப் போனேன். முதலில் அவள் பெயரைப் படித்தேன். வேலாயி. என் வாழ்நாளில் அவள் பெயரை நான் படித்தது அதுதான் முதல் தடவை. பிறகு பிறந்தது. பிறகு ஞானஸ்நானம். பிறகு மூன்றாம் வரி. 'திடப்படுத்தல்' என்ற சொல் கறுப்பாக, பளிச்சென்று இருந்தது. வருடம் கறுப்பாக இருந்தது. கடைசியில் 'ஞானசிகாமணி' கறுப்பாக இருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் கறுப்பாக இல்லை. குனிந்து பார்த்தேன். தினேஸ்வரன் எழுதிய பழைய எழுத்து, காய்ந்த பாசி போல மங்கிக் கிடந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பே. ரா. ய. ர்.

அவர் அந்தச் சொல்லை அழிக்கவில்லை. அதன் மேல் சாயம் வைக்கவும் இல்லை. தாம் விட்டுவந்த பதவியை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டார். வேலாயிக்குக் கிடைத்ததை மட்டும் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியோர்களே, இப்படி ஒரு மனிதரை நான் எப்படிப் புகழ்வது? புதிய சபைக்கும் பொய் சொல்லவில்லை. எங்கள் பெண்ணையும் கைவிடவில்லை. அதை வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இத்தனை நாள் நான் அவரைப் பின்தொடர்ந்து திரிந்திருக்க மாட்டேன். சொல்லவில்லை. நான் படித்துத் தெரிந்துகொள்வேன் என்று விட்டுவிட்டார்.

ஆனாலும் இந்த ஒன்றில் மட்டும் அவர் செய்ததை நான் ஏற்கவில்லை. அன்று மேல் டிவிஷனில் வேலாயியின் தலைமேல் இருந்த கை பேராயரின் கை. பிற்பாடு அவர் பதவியை விட்டது அவர் இஷ்டம். அவள் சிலுவையிலிருந்து அதை மங்கவிட அவருக்கும் உரிமை இல்லை.

மேடையில் இருக்கும் இரண்டு குருமார்களும் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். பங்குத்தந்தை அவர்களே, அந்தப் பட்டம் செல்லாது என்று நீங்கள் சொல்லலாம். போதகர் அவர்களே, விட்டுப்போனவருக்கு அந்தப் பட்டம் எதற்கு என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு பேரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. கறுப்புச் சாயம் வாங்கி வைத்துவிட்டேன். வெள்ளைச் சாயம் அடித்த மற்றக் குடும்பத்தார் விரும்பினால், உங்கள் சிலுவைகளுக்கும் வருகிறேன்; என்ன எழுதியிருந்தது என்று தினேஸ்வரனுக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனைக்கு மணியடித்துவிட்டு நேரே கல்லறைக்குப் போவேன். அந்த ஒரு சொல்லை நான் எழுதுவேன்.