கடுகுப் புண்ணாக்கும் முதல் பந்தியும்

வாழ்த்துரைன்னு என் கையில மைக்கைக் கொடுத்துட்டாங்க. இனி இவ விடமாட்டாள்னு என் வீட்டுக்காரருக்குத் தெரியும், பாருங்க, இப்பவே வாட்சைப் பாக்கறாரு. பயப்படாதீங்க... ஒரே ஒரு கதை, சின்னக் கதை. சாம்பார் ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன். மாப்பிள்ளையும் பொண்ணும் நல்லாக் கேட்டுக்கங்க. மத்தவங்களுக்கெல்லாம் லேட்டாயிருச்சு!

தாராபுரம் பக்கம் ஒரு புருஷன் பொண்டாட்டி. அவரு பேரு நாச்சிமுத்து, அந்தப் பொண்ணு பேரு தெய்வானை. சின்ன வெங்காயம் போடறவங்க. வெங்காயம் போட்டவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா? இருந்தாத் தெரியும்... வெங்காயம் தலையை நீட்டறதுக்குள்ள களை குடும்பமே நடத்திரும். அதனால ஒவ்வொரு போகமும் நாச்சிமுத்து களை மருந்து அடிப்பாரு. தெய்வானைக்கு அது ஆகவே ஆகாது. ஏன்? வீட்டுக்குக் குடிக்கிற தண்ணி அந்த வெங்காயக் காட்டுக் கிணத்துல இருந்துதான் வருது. இடுப்புல கைக்குழந்தை வேற.

"ஏனுங்க, நம்ம புள்ளை குடிக்கிற தண்ணிங்க... மருந்து வேண்டாமுங்க."

கெஞ்சிக் கெஞ்சி, கடைசில அவரு இறங்கி வந்தாரு. "சரி, இந்த ஒரு போகம் உன் இஷ்டம். காடு களையாப் போச்சுன்னு வை... அடுத்த போகத்துல இருந்து மருந்துதான். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது!"

இவ நேரா ஓடினது, எண்ணெய்ச் செக்கு வச்சிருக்கிற இப்ராகிம் ராவுத்தர்கிட்ட. அவரு ஒரு மூட்டை கடுகுப் புண்ணாக்கைத் தூக்கிக் கொடுத்தாரு. "தாயி, உழுது வச்ச மண்ணுல இதைத் தூவி, லேசா நனைச்சு விடு. ஈரம் பட்டதும் காரம் கிளம்பும். அந்தக் காரத்துல களை விதை முளைக்காது. ரெண்டு வாரம் ஆறப் போட்டு, அப்புறமா வெங்காயத்தை ஊனு. ஆனா ஒண்ணு... முளைக்கிறதுக்கு முன்னாடி போடணும். முளைச்ச பிறகு போட்டியோ, களைக்கு நீயே சோறு போட்ட மாதிரி!"

மூட்டை வந்தாச்சு. காடும் உழுதாச்சு. நாளைக்குத் தூவ வேண்டியதுதான் பாக்கி. அன்னிக்குப் பார்த்து தெய்வானையோட அண்ணன் வீட்டுல காதுகுத்து. போனாங்க. நம்ம நாச்சிமுத்து என்ன பண்ணாரு? பொண்டாட்டி அழுவுற குழந்தையைத் தூக்கிட்டு நிக்கிறா... இவரு முதல் பந்தில போய் உக்காந்துட்டாரு! வயிறு நிறையச் சாப்பிட்டு, வெத்தலையைக் குதப்பிக்கிட்டே வந்து கேக்கறாரு, "நீ இன்னும் சாப்பிடலையா?"

இவ போய் உக்காந்தப்ப பாயாசம் காலி. அண்ணன் வீட்டு விசேஷம், தங்கச்சிக்குப் பாயாசம் இல்ல! வீட்டுக்கு வந்ததும் "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"ன்னாரு. இவ என்ன சொன்னா? பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து சொல்லுங்க பாப்போம்... ஆங்! "ஒண்ணுமில்ல!" அவ்வளவுதான், வீட்டுல பேச்சு நின்னு போச்சு.

புண்ணாக்கு மூட்டை மாட்டுக் கொட்டாய்ல கிடக்கு. இவ நெனைக்கறா... "அவரா வந்து கேக்கட்டும்." அவரு நெனைக்கறாரு... "அவ கொண்டாந்த மூட்டை, அவளே சொல்லட்டும்." இப்படியே நாள் போச்சு. நடவுக்குச் சொல்லி வச்ச ஆளுங்க வந்தாங்க, வெங்காயத்தை ஊனிட்டுப் போய்ட்டாங்க. தண்ணி பாய்ஞ்சுது. சாரணை, பண்ணைக்கீரைன்னு களையெல்லாம் சும்மா இருக்குமா? கிளம்பிருச்சு. நாச்சிமுத்து பாத்தாரு, வந்துது பாருங்க கோவம்! மூட்டையை இழுத்துட்டுப் போய், முளைச்சு நின்ன களை மேலேயே கொட்டி வாரி இறைச்சாரு. "இந்தா! உன் புண்ணாக்கு!"

அப்புறம் என்ன ஆச்சு? களை செத்துச்சா? செத்துச்சாவது... தின்னுட்டு ஏப்பம் விட்டுச்சு! கரும்பச்சையா, இடுப்பு உயரத்துக்கு நிக்குது. ரோட்டுல போன ஒருத்தரு வண்டியை நிறுத்திட்டுக் கேக்கறாரு, "நாச்சிமுத்து, கீரை பிரமாதமா இருக்கே! என்ன உரம் போட்டே?"

மானம் போச்சு. நேரா வந்து மருந்து டேங்கைத் தோள்ல மாட்டிட்டாரு. "பாத்தியா? உன் பேச்சைக் கேட்டதுக்கு!"

தெய்வானை கிணத்து மேட்டுல குழந்தையோட நிக்கறா. ஐயோ, இன்னிக்கு விட்டா இனி என்னிக்கும் இல்லன்னு அவளுக்குத் தெரியுது. வாய் விட்டு அழுதுட்டா. "புண்ணாக்கு மேல தப்பில்லீங்க. மூட்டை வந்த மறுநாளே போட்டிருக்கணும். எனக்குக் கோவம்... என்னை விட்டுட்டு நீங்க மட்டும் சாப்பிட்டீங்க."

மனுசன் அப்படியே நின்னுட்டாரு. "அதுக்கா? அடிப்பாவி... அதுக்கா இத்தனை நாளும் பேசல? அன்னிக்கே சொல்லியிருந்தா பாயாச அண்டாவையே தூக்கிட்டு வந்திருப்பேனே புள்ள!"

"நீங்க ஏனுங்க வந்து கேக்கல?"

டேங்கைக் கழட்டிக் கீழ வச்சாரு. குழந்தையைப் பாத்தாரு, கிணத்தைப் பாத்தாரு. குனிஞ்சு ஒரு களையைப் பிடிச்சு இழுத்தாரு. வேரோட வர மாட்டேங்குது, ரெண்டு கையும் போட்டு இழுத்தாரு. இவளும் பக்கத்து வரிசைல குனிஞ்சா. கை கொப்புளம் போட்டு, இடுப்பு ஒடிஞ்சு, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு... காட்டை முழுசாச் சுத்தம் பண்ணாங்க. கிணத்துப் பக்கம் ஒரு சொட்டு மருந்து விழல. அடுத்த போகத்துக்கு உழுத ஈரம் காயல, ராவுத்தர் செக்கு வாசல்ல போய் முதல் ஆளா நின்னது யாரு தெரியுமா? நாச்சிமுத்து!

மாப்பிள்ளை, இங்க பாருங்க. பொண்ணு, நீயும்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல வருத்தம் வருமா, வராதா? வரும். நிச்சயமா வரும், மண்ணுல களை விதை இல்லாத இடம் ஏது? மனசு சுருக்குன்னதும் சொல்லிடுங்க. அன்னிக்கே சொன்னா அது முளைக்காது. ஆறப் போட்டு, ஊறப் போட்டு, வளர விட்டீங்கன்னா... அப்புறம் நல்ல வார்த்தை சொன்னாலும் அதையும் தின்னுட்டு வளரும். "நீ அழகா இருக்க"ன்னாக் கூட, "இத்தனை நாள் கண்ணு தெரியலையா?"ன்னுதான் கேக்கத் தோணும்.

தப்பித் தவறி வளந்துருச்சுன்னா? அப்பவும் ஒரு வழி இருக்கு. கஷ்டமான வழி. ரெண்டு பேரும் குனிஞ்சு, கையால பிடுங்கணும். யாரு முதல்ல குனியறதுன்னு மட்டும் நின்னு பாத்துட்டு இருக்காதீங்க, கண்ணுகளா... நீங்க நிக்கற நேரத்துல, அது வளந்துட்டிருக்கும்.