நூற்று எழுபத்தைந்தாவது இரவு

டீயில் சர்க்கரை வேண்டாம், சார்ஜென்ட். மணமுறிவுக்குப் பிறகு சர்க்கரையை விட்டுவிட்டேன். உடம்பு இளைத்தது, மனசு லேசானது, எல்லாரும் பாராட்டினார்கள். மொத்தத்தில் பிரிவு எனக்கு ஒத்துக்கொண்டது என்றே சொல்லலாம்.

எங்கே தொடங்குவது? சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், அது நான் போட்டதில்லை. பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மற்றவர் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும். பிள்ளை கட்டுகிறவர் வீட்டில் எத்தனை இரவு தங்குகிறதோ, அதற்கேற்பத் தொகை குறையும். என் மகள் மேபல் என் வீட்டில் வாரத்துக்கு மூன்று இரவு, ஆண்டுக்கு நூற்று ஐம்பத்தாறு. அதனால் வாரம் எண்பத்து நான்கு பவுண்டுக்குப் பதில் நாற்பத்தெட்டு கட்டினேன். நூற்று எழுபத்தைந்து இரவு ஆகிவிட்டால் பாதித் தொகைதான். அதிலும் ஏழு பவுண்டு தள்ளுபடி, ஆக முப்பத்தைந்து. அந்த ஏழு பவுண்டுக்கு ஹாலிஃபாக்ஸில் ஒரு மீன் வறுவல்கூட வராது. ஆனாலும் கொடுக்கிற கையைத் தட்டிவிடலாமா?

அரசாங்கம் இரவைத்தான் எண்ணுகிறது. காலையில் தலை வாரிவிட்டது யார், பல் டாக்டரிடம் கூட்டிப்போனது யார் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதையெல்லாம் என் முன்னாள் மனைவி ரோவினா செய்தாள், பாவம், இலவசமாக. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையை அழைத்துவந்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் கொண்டுபோய் விடுவேன். இந்த ஏற்பாட்டில் ரொட்டிச் செலவும் மிச்சம்.

மேபலுக்கு எட்டு வயது. என் சமையலறைக் காலண்டரில், என் வீட்டில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மஞ்சள் நட்சத்திரம் ஒட்டச் சொல்லியிருந்தேன். அவளுக்கு விளையாட்டு, எனக்குச் சாட்சி.

இன்னும் பத்தொன்பது நட்சத்திரம் வேண்டும். ரோவினாவிடம் நேராகக் கேட்டேன்.

"கூட ஒரு ராத்திரி வச்சுக்கறேனே, ரோவினா."

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதா, நெவில்? பிள்ள மேல பாசமா, கால்குலேட்டர் மேல பாசமா?"

மனசு நொந்துபோனேன். நான் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர் பழுதுபார்க்கிறவன், உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டுப் பாய்லரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். வெளியாள் வந்து எட்டிப்பார்க்கவே எண்பது பவுண்டு கேட்பான், நான் காசு வாங்கவில்லை. என் நல்ல மனசை அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். நவம்பரிலிருந்து அந்தப் பாய்லர் அடிக்கடி நின்றுபோகும்படி பார்த்துக்கொண்டேன். வீடு குளிர்ந்தால் பிள்ளையை எங்கே அனுப்புவாள்? பதினெட்டு இரவுகள் அப்படி வந்தன. சமையலறைச் சுவரில் இருந்த விஷவாயு அலாரத்தை, பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று டிசம்பரிலேயே கழற்றி எடுத்துக்கொண்டேன். அது கத்தினால் வேறு ஆளைக் கூப்பிடுவாள். என் வேனில் இடது பக்க டிராயரில் இருக்கிறது, பத்திரமாக.

மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிகிறது. கடைசி ஞாயிறு, ஒரே ஒரு இரவு பாக்கி. பார்த்தால், அவள் மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

"இனிமே குளிர்னு சொல்லிப் பிள்ளையத் தூக்கிட்டுப் போக முடியாது," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பாய்லரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன். புகை வெளியேறும் குழாயில் என் பழைய கையுறையைச் செருகினேன். அரை மணி நேரத்தில் வீட்டில் வாடை வந்தது.

"பிள்ள இங்க படுக்கக் கூடாது. பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"பாய்லர அணைச்சிடட்டுமா?"

"வேண்டாம், ஓடிக்கிட்டே இருந்தாத்தான் வாடை போகும்."

அணைத்தால் வாடை போய்விடும், பிள்ளையை அனுப்ப மாட்டாள். அதனால் அப்படிச் சொன்னேன். அவள் மேபலுக்குக் குல்லா மாட்டிவிட்டு, என்னிடம் நன்றி சொன்னாள். ஐந்து வருஷத்தில் முதல் நன்றி.

இரவு பத்தே முக்காலுக்குப் போன் வந்தது.

"நெவில், தலை பிளக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பாய்லராலயா?"

அது பாய்லரால்தான் என்று இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவனுக்குத் தெரியாதா? வெளியே ஓடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நேராக என் வீட்டுக்கு வந்திருப்பாள். தீயணைப்புக்காரர்கள் கையுறையை எடுத்திருப்பார்கள். பிள்ளையை அவள் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பாள். நூற்று எழுபத்து நான்கில் நின்றிருக்கும்.

"மாத்திரை போட்டுட்டுப் படு, காலைல வந்து பாக்கறேன்," என்றேன். மறைக்க இதில் என்ன இருக்கிறது?

மேபல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாவா? நான் குட் நைட் சொல்லணும்பா."

"அம்மா தூங்கிட்டா கண்ணு. நீயும் போய்ப் படு."

காலையில் வாக்குத் தவறாமல் போனேன். கதவைத் திறந்தது நான்தான், உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான். ஜன்னல்களை எல்லாம் நான்தான் திறந்துவிட்டேன். கையுறையை எடுக்க மறந்துபோனது, பதற்றத்தில்.

ஆக, ரோவினா செத்தது என்னால்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இனி யாருக்கும் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டாமே என்று நீங்கள் யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. அந்த எண்ணத்தில் செய்யவில்லை. வாரத்துக்குப் பதின்மூன்று பவுண்டு, அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. பேராசைக்காரன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு சந்தேகம். மேபல் பெரியம்மா வீட்டில் உங்களிடம் பேசியிருக்கிறாள். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லையாம், அம்மாவுக்குக் குட் நைட் சொல்லாமல் தூக்கம் வராது என்று விடியும்வரை படுக்கையில் உட்கார்ந்தே இருந்தாளாம். காலையில் நட்சத்திரமும் ஒட்டவில்லை. விதிமுறையைப் பார்த்துச் சொல்லுங்கள், சார்ஜென்ட். பிள்ளை கண் விழித்து உட்கார்ந்திருந்தாலும், அந்த இரவு என் கணக்கில்தானே சேரும்?